கூதிர்க்காலத்து விரால்



திங்கட்கிழமை காலைகளில் என் கைப்பேசி அணைந்திருப்பதைக் குறித்துச் சிலர் மனத்தாங்கலோடு கேட்டிருக்கிறீர்கள். ஞாயிறு முழுவதும் உழைக்கும் போதகனுக்குத் திங்களே ஓய்வு நாள் என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்து வந்தேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தூண்டில் போடப் போகிறேன். மேல்விஷாரத்திலிருந்து இருசக்கர வாகனத்தில் அரைமணி நேரத்தில் சென்றடையக்கூடிய ஓர் ஏரி அது. பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த திங்களன்று பாதிச் சபை அங்கே நிற்கும். மீன்பாசிக் குத்தகை எடுத்திருப்பவர் ஒற்றைத் தூண்டிலுக்கு ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவது தூண்டிலைக் கண்டால் முகம் சுளிப்பார்.

பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு ஏரியைத் தேடிப் போவானேன் என்று வெளியூரார் கேட்கலாம். நம் ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலைத்தான் காண்கிறோம். தோல் பதனிடும் தொழில் நம் வீடுகளில் அடுப்பெரியச் செய்தது. நம் கிணறுகளைக் கெடுத்ததும் அதுவே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்திருந்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே உண்பதற்கு மீன் பிடிக்கிறவன் எந்த நீரில் பிடிக்கிறோம் என்று பார்த்தே பிடிக்கவேண்டும். 2021 நவம்பரில் மட்டும் ஆறு தன் பழைய உருவத்தைக் காட்டியது. அவ்வெள்ளம் கால்வாய்கள் வழியே ஏரிகளில் புகுந்தது. பல ஆண்டுகளாக நிரம்பாத ஏரிகள் கோடி போயின. நீரோடு மீனும் வந்தது.

அந்த மீன்களில் என் மனம் பற்றியது விரால்மேல். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் நோயிலிருந்து எழுந்தவனுக்கும் சமைத்துக் கொடுக்கும் மீன் அது. தெலங்கானாவில் அதையே மாநில மீனாக வைத்திருக்கிறார்கள். பாம்பைப் போன்ற தலையும் உருண்ட உடலும் உடையது. துரத்தி வேட்டையாடுவது அதன் இயல்பன்று. தாமரை இலைக்கடியிலோ, கோரைப்புல் ஓரத்திலோ, நெய்வேலிக் காட்டாமணக்குத் தண்டுகளின் இடையிலோ அசைவற்றுக் கிடந்து, தவளை ஒன்று தத்திப்போகையில் ஒரே பாய்ச்சலில் விழுங்கும். அந்தப் பாய்ச்சலின் ஓசையைக் கேட்டவர்கள் எளிதில் தூண்டிலைக் கீழே வைப்பதில்லை.

வெம்மையான மாதங்களில் அதைப் பிடிக்கும் முறை நேரானது. பொழுது புலருமுன் கரைக்குப் போய்விடவேண்டும். ரப்பரால் செய்த தவளையை இலைகளின்மேல் எறிந்து, தத்தித் தத்தி விரைவாக இழுத்துவரவேண்டும். ஒரே இடத்தில் நில்லாமல் கரையோரம் நடந்துகொண்டே இருக்கவேண்டும். பசித்த விரால் எங்கேனும் ஓரிடத்தில் பாயும். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் மிதப்பதைக் கண்டால் மாத்திரம் அங்கே எறியலாகாது. தாயும் தகப்பனும் அடியில் நின்று அவற்றைக் காத்துக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் பசிக்காகவன்றி, பிள்ளைகளைக் காக்கவே அவை தூண்டிலைக் கவ்வும். அப்படிப் பிடித்த மீனை என்னால் உண்ண முடிந்ததில்லை.

2022 டிசம்பர் 5ஆம் நாள் திங்கட்கிழமை இந்த முறையிலேயே மூன்று விரால்களைப் பிடித்தேன். மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் கிடைத்தன. நான் தேர்ந்த மீன்பிடிகாரனாகிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன். அந்த எண்ணத்தைச் சபையார் முன் அறிக்கையிடுவதில் எனக்கு வெட்கமில்லை. அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

அந்த வாரமே வங்கக் கடலில் மாண்டஸ் புயல் உருவாயிற்று. வெள்ளிக்கிழமை, 9ஆம் நாள் நள்ளிரவையொட்டி மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்து, வலுவிழந்து உள்நாட்டை நோக்கி நகர்ந்தது. புயல் நெருங்கும்போதே குளிர் வந்துவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கோடையில் நாற்பது டிகிரிக்கு மேல் காயும் நம் ஊரில், பட்டப்பகலில் கம்பளி போர்த்தி நடந்தார்கள். ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்க்காலம் என்று முன்னோர் பிரித்துப் பெயரிட்டார்கள். நமக்கு அது பெரும்பாலும் மழைக்காலம் மட்டுமே. அவ்வாண்டு அச்சொல் முழுப்பொருளோடு வந்து நின்றது.

12ஆம் நாள் திங்களன்று வழக்கம்போல இருட்டோடு எழுந்து போனேன். அதே ஏரி, அதே தாமரைப் பரப்பு, அதே ரப்பர் தவளை. வாடைக்காற்று காதைக் கடித்தது. நூறு முறையாவது எறிந்திருப்பேன். ஓர் அசைவுமில்லை. முந்தைய வாரம் மூன்று மீன் கொடுத்த இடம் செத்ததுபோல் கிடந்தது. மீன் இல்லையென்றால் இன்னும் வேகமாக எறிந்து, இன்னும் அதிக இடங்களைத் தேடவேண்டும் என்று நினைத்தேன். அப்படியே செய்தேன். விரல்கள் மரத்துப்போயின.

ஒன்பது மணிக்கு மேல் பாய் வந்தார். மேல்விஷாரத்துத் தோல் மண்டிகளில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். எனக்குத் தகப்பன் வயது. சால்வையால் தலையை மூடிக்கொண்டு, ஏரிக்கரைக் கல்லில் அமர்ந்து சற்றுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, தண்ணி ராத்திரியோட ராத்திரியா மாறிப்போச்சு. நீங்க இன்னும் போன வாரத்துலயே நிக்கிறீங்க.”

“மீன் எல்லாம் எங்கே போயிற்று, பாய்?”

“எங்கயும் போகல. இங்கதான் இருக்கு. அதுக்கு ஓட முடியல, நீங்க ஓடுறீங்க.”

பிறகு அவர் சொன்னது தோலைப்பற்றி. பதனிடும் தொழிலில் முடியை நீக்கச் சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைப்பார்கள் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளும் அறிந்தது. வெயில் காலத்தில் சுண்ணாம்பு விரைந்து வேலை செய்யும்; குளிர் வந்தால் அதே சுண்ணாம்பு அதே குழியில் சோம்பிவிடும். ஆவாரம் பட்டையில் ஊறும் தோலுக்கும் அப்படியே. அனுபவமில்லாத மேஸ்திரி, கணக்கு நாள் முடிந்ததென்று தோலைத் தூக்கிவைத்துச் சுரண்டச் சொல்வான். “முடி வராது ஐயா. தோல்தான் பழுதாகும்,” என்றார் பாய். குளிர்நாளில் குழிக்கு ஓரிரு நாள் கூடுதலாகக் கொடுப்பதே அந்நாளைய வழக்கமாம். முதலாளி திட்டுவார், தோல் பிழைக்கும்.

வீட்டுக்கு வந்தபின் நான் படித்தறிந்தவை பாயின் சொல்லை அப்படியே உறுதிப்படுத்தின. மீனுக்குத் தன் உடலை வெப்பமாக வைத்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீர் பத்து டிகிரி குளிர்ந்தால் அதன் உடலின் இயக்கம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உண்டது செரிக்க நெடுநேரமாகும். ஆகவே பசி எழாது. விராலுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அது செவுளால் மட்டும் வாழாது. அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிப்போகவேண்டும். குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருக்கும், உடலின் தேவையும் குறைந்திருக்கும். ஆதலால் அது மேலே வருவதும் அரிதாகிவிடும். நம் ஏரிகள் பரந்தவை, ஆழமற்றவை. தட்டில் ஊற்றிய தேநீரைப்போல விரைவில் ஆறிவிடும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்னும் அதிகமாகத் தடுமாறும்.

என் தமக்கை மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் மென்பொருள் பணியில் இருக்கிறான். அவனுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. அவன் பிடிப்பது பாஸ் என்னும் மீன். விராலுக்கும் அதற்கும் உறவில்லை; குணம் மட்டும் ஒன்று. அகன்ற வாய், களைகளுக்கிடையே பதுங்கல், திடீர்ப் பாய்ச்சல். 1932இல் ஜார்ஜியாவில் ஒருவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸைப் பிடித்த கதையைத் தொலைபேசியில் எனக்குக் குறைந்தது நான்கு முறை சொல்லியிருக்கிறான். அவனிடம் என் தோல்வியைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “மாமா, உங்களுக்கு வந்தது எங்களுக்கு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வருவது,” என்றான். அங்கே வடக்கிலிருந்து ஒரு குளிர்காற்று சில மணி நேரத்தில் இறங்கிப் பருவத்தையே மாற்றிவிடுமாம். 1911 நவம்பர் 11ஆம் நாள் வீசிய அத்தகைய காற்றை இன்றும் பேசுகிறார்கள். காலையில் வியர்த்தவர்கள் இரவில் உறைபனியில் நடுங்கினார்கள்.

அக்காற்று வருமுன் மீன்கள் வெறிகொண்டு உண்ணும் என்றும் அவன் சொன்னான். அப்போதுதான் எனக்கு 5ஆம் நாளின் மூன்று விரால்கள் புரிந்தன. என் திறமைக்கு அதில் பங்கு குறைவு. வரப்போகும் புயலை மீன்கள் எனக்கு முன்னரே அறிந்திருந்தன என்றுதான் நினைக்கிறேன்.

காற்று அடித்து ஓய்ந்தபின் பாஸ் பிடிப்பவர்கள் செய்வதையும், பாய் எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களோ என்று தோன்றும். அவர்கள் மேல்மட்டத்தில் விரைந்தோடும் பொய்யிரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மென்மையான சிறு புழுவைத் தரையில் ஊர்ந்து இழுக்கிறார்கள். பாய் என் ரப்பர் தவளையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சிறிய முள், ஒரு தக்கை, மிளகளவு ஈயம், மண்புழு இரண்டு, அவ்வளவே. குளிரில் மண்புழுவும் ஆழத்துக்குப் போய்விடும். அவர் அதை மாட்டெருக் குழியிலிருந்து கொண்டுவந்தார்; அங்கே சூடு இருக்கும்.

நேரத்தையும் மாற்றினார். விடியலில் போகாதீர்கள், பதினொரு மணிக்கு வாருங்கள் என்றார். இரவெல்லாம் குளிர்ந்த நீரில் வெயில் இரண்டு மூன்று மணி நேரமாவது விழவேண்டும். இடத்தை மாற்றியது எனக்கு மிகவும் பிடித்தது. மார்கழியை ஒட்டிய நாள்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், ஏரியின் வடக்கு ஓரத்தில்தான் வெயில் நேராக விழும். வாடை வடக்கிலிருந்து வருவதால், அந்த ஓரத்துக் கரையும் புதரும் காற்றைத் தடுத்து நீரை அலைவின்றி வைத்திருக்கும். அங்கே முன்பு வண்டல் மண் வெட்டியெடுத்த பள்ளங்கள் இருந்தன. வெயில் படும் ஆழமற்ற ஓரமும், அதை அடுத்தாற்போல் ஒதுங்க ஒரு பள்ளமும் இருக்குமிடமே குளிர்நாளில் விராலின் வீடு. கால்வாய் வந்து ஏரியில் கலக்கும் வாய் மற்ற நாள்களில் நல்ல இடம். குளிர்மழைக்குப் பின் அங்கே வருவது இன்னும் குளிர்ந்த கலங்கல் நீர். அதைத் தவிர்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது சும்மா இருத்தல். இரையை மீனின் முகத்தருகே இறக்கிவிட்டு அசைக்காமல் வைத்திருக்கவேண்டும். இப்பருவத்தில் அது இரையைத் தேடி ஒரு முழம்கூட வராது. ஆனால் தன் வாயருகே நெடுநேரம் கிடப்பதை மெல்ல எடுத்துக்கொள்ளும். வெயில் நாளில் தக்கையைப் பறித்துக்கொண்டு ஓடும் அதே மீன், குளிரில் தக்கையைச் சற்றே சாய்க்கும். பிறகு ஒரு விரல் நகர்த்தும். பிறகு நிற்கும். அந்நேரத்தில் வெட்டியிழுத்தால் முள் வெறுமையாக வரும். நான் ஏழு முறை அப்படி இழுத்தேன். எட்டாவது முறை பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அன்று ஒரு விரால் கிடைத்தது. முக்கால் கிலோ இருக்கும். அதை அவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன்.

மீன் கதை இவ்வளவே. நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டுமன்று.

நம் சபையார் ஒருவர், அவ்வாண்டு அக்டோபரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தம் வேலையை இழந்தார். ஆர்டர்கள் குறைந்தன, ஆட்களைக் குறைத்தார்கள். மேல்தோல் வெட்டும் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்த கை அது. (இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டேன். யாரென்று ஊகிக்கிறவர்கள் ஊகத்தைத் தங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.) வேலை போன மறுவாரம் அவர் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் என்ன செய்தேன்? இரண்டு வாரங்களில் நான்கு முறை அவர் வீட்டுக்குப் போனேன். ஒருமுறை ஜெபக்குழுவினர் எட்டுப்பேரை அழைத்துக்கொண்டு போனேன். பாடல் பாடினோம், தெருவே கேட்டது. தினமும் காலையில் கைப்பேசியில் ஒரு வசனம் அனுப்பினேன். வேறு வேலைக்கு மூன்று இடங்களின் விலாசத்தை அவர் கேட்காமலே எழுதிக் கொடுத்தேன். நான்காம் முறை போனபோது அவருடைய மனைவி வாசலில் நின்று, அவர் உறங்குவதாகச் சொன்னார்கள். பகல் பன்னிரண்டு மணி. உள்ளே நாற்காலி நகரும் ஓசை எனக்குக் கேட்டது.

அவர் பின்வாங்கிப்போனார் என்று மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். அச்சொல்லை நான் சொல்லியிருக்கக்கூடாது.

பாய் என் மணிக்கட்டைப் பிடித்தபோது எனக்கு அந்த வாசல் நினைவுக்கு வந்தது. போதகர்கள் மனிதரை மீனுக்கு ஒப்பிட்டுப் பேசுவதில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. மீன் பிடிக்கிறவன் அதை உண்பதற்காகவே பிடிக்கிறான். எந்த மீனும் அதற்காக நன்றி சொன்னதில்லை. ஆகையால் அவரை மீன் என்று சொல்லவில்லை. நான் சொல்வது என் கையைப்பற்றி மட்டுமே. அவர் வாழ்க்கையில் ஒரே இரவில் பருவம் மாறிவிட்டது. நானோ முந்தைய வாரத்தின் வேகத்தில் எறிந்துகொண்டே இருந்தேன். அவர் எங்கும் போய்விடவில்லை. அதே வீட்டில், அதே நாற்காலியில்தான் இருந்தார்.

யோவான் எழுதின சுவிசேஷத்தில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் வருகிறது. மூலமொழியான கிரேக்கத்தில் அச்சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் அவ்விரு இடங்களில் மட்டுமே உண்டு. முதலாவது, குளிரான அந்த இரவில் பேதுரு நின்று குளிர்காய்ந்துகொண்டே தம் ஆண்டவரை அறியேன் என்று சொன்ன இடம். இரண்டாவது, இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் கரைக்கு வந்தவர்களுக்காக ஆயத்தமாயிருந்த இடம். படகின் வலதுபுறத்தில் வலைபோட்டதைக் கீழ்ப்படிதல் என்ற தலைப்பில் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். கரையிலிருந்தவர் முதலில் அவர்களுக்குக் காலை உணவு கொடுத்தார் என்பதையும், பேதுருவிடம் கேட்கவேண்டிய கேள்வியை அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்கவில்லை என்பதையும் நான் விரைவாகக் கடந்துபோயிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வேதபுத்தகத்தை எடுத்துப்போகவில்லை என்று சொன்னால் சிலருக்கு வருத்தமாயிருக்கும், எடுத்துப்போகவில்லை. பதினொரு மணிக்குப் போனேன். அவர் வீட்டுத் திண்ணையில் அந்நேரத்தில் வெயில் விழும். கதவைத் தட்டவில்லை. திண்ணையில் அமர்ந்து, வாங்கிப்போன வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரத்தில் எழுந்து தட்டவேண்டும் என்று எத்தனை முறை தோன்றியது என்பதைக் கர்த்தர் அறிவார். கதவு திறந்தது. அவர் ஒன்றும் பேசாமல் வந்து பக்கத்தில் அமர்ந்து கடலையை எடுத்துக்கொண்டார். நான் வேலையைப்பற்றிக் கேட்கவில்லை. அவர் சபையைப்பற்றிக் கேட்கவில்லை. விரலில் ஏன் காயம் என்று மட்டும் கேட்டார். தூண்டில் முள் என்றேன்.

“எந்த ஏரி?” என்றார்.

உங்களுக்குச் சொல்லாத பெயரை அவருக்குச் சொன்னேன்.

இப்போது தை பிறந்துவிட்டது. அவர் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை, வீட்டிலேயே செருப்புத் தைக்க ஒரு பழைய தையல் இயந்திரத்துக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். கடந்த திங்களன்று நானும் பாயும் வடக்கு ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது கரைமேல் ஒரு மிதிவண்டி வந்து நின்றது. கையில் ஒரு கொட்டாங்குச்சி. அதில் எருக்குழி மண்ணும் புழுக்களும். பாய் சற்று நகர்ந்து கல்லில் இடம் கொடுத்தார். குத்தகைக்காரர் அக்கரையிலிருந்து எங்களைப் பார்த்தார். தூண்டில் ஒன்றுதான் இருந்தது. மூவரும் மாறிமாறிப் பிடித்துக்கொண்டோம்.